வெயில் படும் ஜன்னலுக்கு ஏற்ற சிறு செடி

தாமிரபரணிப் பாசனத்தில் காருக்குக் குறுகிய வயதுடைய நெல்லையும், பிசானத்திற்கு அதனினும் நீண்ட வயதுடைய நெல்லையும் தெரிந்தெடுப்பது நெடுநாளைய வழக்கம். 1937-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த ரகங்களும் இப்பருவங்களைக் கருதியே தெரிந்தெடுக்கப்பட்டவை. நிலமும் பருவமும் அறிந்த பின்னரே வித்தைத் தேடவேண்டும் என்பது இப்பள்ளத்தாக்கின் விவசாயிக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆயினும், அதே குடும்பத்தார் ஜன்னலில் வைப்பதற்கென ஒரு சிறு செடி வாங்கும்போது இவ்விதியை மறந்துவிடுகின்றனர். கடையில் எது அன்று பூத்திருக்கின்றதோ அதையே வாங்கி, எந்த ஜன்னலில் இடம் இருக்கின்றதோ அங்கே வைத்துவிடுவர். சித்திரை வெயிலில் அது கருகிப்போனால், தங்களுக்குக் கைராசி இல்லை என்று மனந்தளர்வர். செடி மடிந்ததற்குக் காரணம் கைராசியன்று. ஜன்னலின் திசையையும் மாதத்தையும் பாராது செடியைத் தெரிந்தெடுத்ததே காரணம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் முதலிய இடங்களில் வீடுகள் மாடிமேல் மாடியாக எழும்பி, முற்றமும் கொல்லையும் குறைந்துவிட்டன. அநேகக் குடும்பங்களுக்கு ஜன்னலின் கீழ்ப்புறமுள்ள முக்கால் அடித் திண்டே எஞ்சிய நிலமாகும். அச்சிறு நிலத்தையும் பிரயோஜனப்படுத்தும் வழி இங்கே விவரிக்கப்படுகின்றது.

வெயில் ஜன்னல் எது?

குளிர்தேசங்களில் எழுதப்பட்ட தோட்டக்கலைப் புஸ்தகங்கள், தெற்கு நோக்கிய ஜன்னலே செடிகளுக்குச் சிறந்தது என்று கூறும். அது அந்த தேசங்களுக்குப் பொருந்தும். லண்டன் நகரில் டிசம்பர் மாத உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திற்கு மேல் ஏறக்குறைய 15 டிகிரி உயரமே எழும்புகின்றது. அச்சாய்ந்த வெயில் தெற்கு ஜன்னலின் வழியே அறையின் உள்வரை செல்லும். திருநெல்வேலியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ளது. இங்கே அதே மாதத்தில் உச்சிச் சூரியனின் உயரம் 58 டிகிரி. ஏப்ரல் மாதம் 12ந் தேதியை ஒட்டிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பின்னர் வடபுறம் சாய்ந்து, ஆகஸ்டு மாதக் கடைசியில் மீண்டும் தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகின்றது. ஆகவே கோடையின் பெரும்பகுதியில் உச்சிச் சூரியன் வீட்டின் தெற்குப் புறத்தில் இருப்பதேயில்லை.

இதனுடன் ஜன்னலுக்கு மேலுள்ள வெயில்மறைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். நான்கடி உயரமுள்ள தெற்கு ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிய மறைப்பு இருக்குமாயின், அதன் திண்டின்மேல் உச்சிவெயில் விழுவது ஏறக்குறைய அக்டோபர் நான்காம் வாரம் முதல் பிப்ரவரி மூன்றாம் வாரம் வரையில்தான். அஃதாவது, தெற்கு ஜன்னல் பிசானத்திற்கு மட்டும் உரிய நிலம். வடக்கு ஜன்னலில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் சிறிது நேரம் படும். மற்ற நாள்களில் வெளிச்சமேயன்றி வெயில் இல்லை. ஆண்டு முழுவதும் வெயில் காணும் ஜன்னல்கள் கிழக்கும் மேற்குமே ஆகும்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. கிழக்கு ஜன்னலில் வெயில் படும் காலை வேளையில், இரவின் குளிர்ச்சி சுவரிலும் காற்றிலும் இன்னும் மீந்திருக்கும். மேற்கு ஜன்னலில் வெயில் படத் தொடங்கும் பிற்பகலிலோ, சுவரும் தரையும் காற்றும் முன்னமே சூடேறியிருக்கும். வெயில் ஒரே அளவினதாயினும் அனல் ஒரே அளவினதன்று.

அனலும் காற்றும்

பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் உஷ்ணம் 100 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி சென்டிகிரேடை, எட்டுவதும் தாண்டுவதும் சாதாரணம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போதும் இச்சமவெளிக்கு அதிகக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பாற்சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக மலைக் கணவாய்களின் வழியே இறங்குகின்றது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாளில் பாளையங்கோட்டையில் புழுதி பறப்பது இதனாலேயே. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றே.

வயலில் நிற்கும் செடி வேரை ஆழமாகச் செலுத்தி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். ஆறு அங்குலத் தொட்டியில் உள்ள செடிக்கு அவ்வழி இல்லை. வறண்ட காற்று இலையிலிருந்து ஜலத்தை உறிஞ்சும் வேகத்திற்கு, சூடேறிய சிறு தொட்டியின் வேர்கள் ஈடுகொடுக்க மாட்டா. ஆகவே இங்கு வெயில் ஜன்னலில் செடி மடிவது வெளிச்சத்தாலன்று. அனலாலும் வறட்சியாலும் ஆகும். இவ்விரண்டையும் தாங்கும் செடிகளையே மேற்கு ஜன்னலுக்குத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரவில் வாய் திறக்கும் செடிகள்

இத்தகைய செடிகளின் இரகசியம் ஒன்று, சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனியின்கீழ்த் தாவர நூலறிஞராக விளங்கிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவரால் கவனிக்கப்பட்டது. ரணகள்ளி இலையை அவர் ஒரே நாளில் பல வேளைகளில் சுவைத்துப் பார்த்தார். விடியற்காலையில் அது மிக்க புளிப்பாகவும், நடுப்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருந்தது. இவ்விவரம் 1815-ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

அப்புளிப்பின் காரணம் பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. பெரும்பாலான செடிகள் பகலில் தங்கள் இலைத்துளைகளைத் திறந்து, காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு, சூரிய வெளிச்சத்தின் உதவியால் உணவாக மாற்றுகின்றன. துளை திறக்கும்போதெல்லாம் ஜலம் ஆவியாகி வெளியேறும். ரணகள்ளி போன்றவையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற வாயுவைப் புளிப்புப் பொருளாக இலையில் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவிட்டு உணவாக்குகின்றன. காலையில் புளிப்பும் மாலையில் புளிப்பின்மையும் இந்த வரவு செலவே. சோற்றுக்கற்றாழை, கள்ளிமுளையான், அன்னாசி முதலியவற்றிற்கும் இக்குணம் உண்டு. பகல் அனலில் வாய் திறவாத இச்செடிகளுக்குச் சிறிதளவு ஜலமே பல நாள்களுக்குப் போதும்.

ஹெய்ன் செய்தவாறு வீட்டார் சுவைத்துப் பார்க்கலாகாது. ரணகள்ளியை மேய்ந்த கால்நடைகள் விஷத்தால் துன்புறுவதுண்டு. குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்திலேயே இச்செடியை வைத்தல் வேண்டும்.

மேற்கு ஜன்னலுக்கு

சோற்றுக்கற்றாழை மிக எளிதில் வளர்வது. வேர்கள் மேலாகப் பரவுவதால் ஆழமான தொட்டியைவிட அகன்ற தொட்டியே ஏற்றது. பக்கக் கன்றுகளை ஆண்டுக்கொரு முறை பிரித்து வேறிடத்தில் நடலாம். நிழலில் வளர்ந்த கற்றாழையைத் திடீரென்று மேற்கு வெயிலில் வைத்தால் மடல்கள் செந்நிறமடையும். அது பெரும்பாலும் வெயிலுக்குப் பழகாமையின் அறிகுறி. சில வாரங்களில் தேறிவிடும்.

கள்ளிமுளையான் இப்பிரதேசத்து வறண்ட கற்பாங்கான நிலங்களில் தானே வளர்வது. இலையின்றி, நாற்பட்டையான சதைப்பற்றுள்ள தண்டுகளுடன் சிறு புதராக நிற்கும். இந்நாட்டு வெயிலுக்கென்றே பிறந்ததாகையால் மேற்கு ஜன்னலுக்கு இதனினும் பொருத்தமானதைத் தேடுவது அரிது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்காமல், வளர்த்திருப்பவரிடமிருந்து ஒரு தண்டை வாங்கி, வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் வைத்து நடுதல் நன்று.

ரணகள்ளிக்கு வித்தும் வேண்டுவதில்லை, கிளையும் வேண்டுவதில்லை. இலையை ஈரமண்ணின்மேல் கிடத்தினால் அதன் ஓரப் பள்ளங்களிலிருந்து சிறு கன்றுகள் முளைக்கும். இதனால் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்ற பெயரும் இதற்கு உண்டு. உயரமாக வளரும்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும்.

கிழக்கு ஜன்னலுக்கு

துளசி காலை வெயிலை விரும்புவது. ஜலத்தையும் தவறாது வேண்டுவது. கோடையில் ஒரு நாள் மறந்தாலும் சிறு தொட்டியிலுள்ள துளசி வாடிவிடும். ஆகையால் நாள்தோறும் கவனிக்க ஆள் உள்ள வீட்டிற்கே இது தக்கது. கதிர் விட்டவுடன் கிள்ளிவிட்டால் இலை பெருகும். சிறு தொட்டியில் ஆண்டுக்கொரு முறை புதுக்கன்று வைத்தல் நலம்.

ஓமவல்லி என்றும் வழங்கும் கற்பூரவல்லியை ஒரு சாண் தண்டு வெட்டி நட்டாலே எளிதில் வேரூன்றும். காலையில் மூன்று நான்கு மணி நேர வெயில் போதுமானது. பிற்பகல் வெயிலில் இலைகள் வெளுத்துச் சுருங்கும். சளிக்குக் கஷாயமாகவும், கடலைமாவில் தோய்த்து பஜ்ஜியாகவும் இதன் இலை வீடுகளில் பயன்படுவதால், வைத்த இடத்திற்கு வாடகை கொடுக்கும் செடி இது.

மேசை ரோஜா எனப்படும் பத்துமணிப்பூ, பூவை விரும்புவோருக்கு உரியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியின் பூக்கள் காலை வெயிலில் விரிந்து பிற்பகலில் குவிந்துவிடும். மேற்கு ஜன்னலில் வெயில் வருவதற்குள் பூவின் வேளை கடந்துவிடுமாதலால் அங்கே இது சிறப்பதில்லை.

தெற்கு ஜன்னலுக்கு

இங்கு நிலையான செடியைவிடப் பருவப்பயிரே மேலானது. வெயில் தெற்கே திரும்பும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, அகன்ற தட்டுத்தொட்டியில் விதைத்தால், ஏறக்குறைய நாற்பது நாள்களில் கொத்தமல்லித்தழை கைக்கு வரும். தை மாதத்தில் இன்னொரு முறை விதைக்கலாம். பங்குனி உஷ்ணத்தில் கொத்தமல்லி விரைவில் பூத்துவிடுமாகையால், அப்போது ஜன்னலைத் தரிசாக விட்டுவிடுவதே உசிதம்.

விலக்கத்தக்கவை

மணிப்பிளாண்டு, பெரணி முதலியவை மரநிழலில் வாழும் இயல்புடையவை. இவை வடக்கு ஜன்னலில் செழிக்கும். மேற்கு வெயிலில் இலை கருகும். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் வெயில் பிடிக்குமாயினும், ஆறு அங்குலத் தொட்டி அவற்றின் வேருக்குப் போதாது. திருகுகள்ளி எவ்வளவு அனலையும் தாங்கும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்கு அபாயமும் நேரும். குழந்தைகள் உள்ள வீட்டின் ஜன்னலுக்கு அது தகாது.

வாங்கும் முறை

கடையில் உயர்ந்த செடியையோ நிறையப் பூத்த செடியையோ நாடாமல், குட்டையாய், கணுக்கள் நெருங்கி, புதுத்துளிர் விட்டுள்ளதை எடுக்கவேண்டும். இலையின் அடிப்புறத்தையும் கணுவிடுக்குகளையும் பார்த்து, பஞ்சுபோல் வெண்மையாக ஏதேனும் ஒட்டியிருப்பின் அது மாவுப்பூச்சி என்று அறிந்து விலக்கவேண்டும். கடையிலுள்ள செடிகள் பெரும்பாலும் நிழல்வலையின் கீழ் வளர்க்கப்பட்டவை. ஆதலால் வாங்கி வந்தவுடன் முழுவெயிலில் வைக்காமல், முதலில் வெளிச்சமான நிழலில் வைத்து, நாள்தோறும் சற்று அதிகமாக வெயில் காட்டி, பத்து நாள்களில் உரிய இடத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும்.

காலமும் முக்கியமானது. துளசி, கற்பூரவல்லி முதலியவற்றை ஐப்பசி மழை தொடங்கிய பின் வைத்தால், கோடைக்கு முன் வேர் நன்கு நிரம்பும். சதைப்பற்றுள்ள கள்ளிமுளையான், ரணகள்ளி இவற்றின் துண்டுகள் அடைமழையில் அழுகுவதால் அவற்றிற்குத் தை, மாசி மாதங்களே உரியவை.

தொட்டியும் மண்ணும்

காருகுறிச்சி முதலிய ஊர்களில் குயவர் வனையும் மண்தொட்டியே வெயில் ஜன்னலுக்குச் சிறந்தது. அதன் நுண்துளைகளின் வழியே ஜலம் கசிந்து ஆவியாவதால், பானைத்தண்ணீர் குளிர்வதுபோல் வேரும் குளிர்ச்சி பெறும். கருநிறப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலை உறிஞ்சிச் சூடேறும். வேறு தொட்டி இல்லையாயின் அதை ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். அடியில் துவாரம் இல்லாத பாத்திரம் எதுவாயினும் ஆகாது.

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, உலரும்போது வெடித்து வேரை அறுக்குமாதலால் தொட்டிக்கு ஏற்றதன்று. செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பொடித்த செங்கல் ஒரு பங்கு கலந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். கற்றாழை, கள்ளி வகைகளுக்குச் செங்கற்பொடியைச் செம்மண்ணுக்குச் சமமாக்கி, தொழுவுரத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். இதற்கென ஆற்று மணலை அள்ளவேண்டிய அவசியமில்லை. உடைந்த ஓடும் செங்கல்லும் அவ்வேலையைச் செய்யும்.

ஆறு அங்குலத் தொட்டி ஒன்று ஈரமண்ணுடன் மூன்று நான்கு கிலோ எடை இருக்கும். மாடி ஜன்னலின் வெளிப்புறத்தில் கட்டின்றி வைத்த தொட்டி ஆடிக்காற்றில் தெருவில் நடப்போர்மேல் விழக்கூடும். ஆகவே அதை ஜன்னல் கம்பிகளுக்கு உட்புறம் வைப்பதோ, கம்பியால் இறுகக் கட்டுவதோ அவசியம்.

ஜலம் விடும் முறை

இத்தனை நாளைக்கொரு முறை என்று ஒரே விதி வகுத்தல் பயன்படாது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்க்கவேண்டும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் மேல்மண் உலர்ந்தவுடன் விடலாம். கற்றாழை, கள்ளி வகைகளுக்கு ஒரு குச்சியை அடிவரை செலுத்தி எடுத்து, அதில் ஈரமண் ஒட்டாதிருந்தால் மட்டுமே விடவேண்டும். இவ்வகைச் செடிகள் வீட்டில் மடிவது ஜலம் போதாமையினும் ஜலம் மிகுதியாலேயே அதிகம். மொட்டைமாடித் தொட்டியின் குழாய்நீர் பகலில் கொதிப்பாக இருக்குமாதலால், விடியற்காலையே விடுவதற்கு ஏற்ற வேளை. கிணற்று நீரில் உப்பு மிகுந்திருப்பின் தொட்டியின் ஓரத்தில் வெள்ளை படியும். அப்போது மழைநீரைப் பிடித்து இரண்டொரு முறை தாராளமாக விட்டு, உப்பைக் கழுவி வெளியேற்றவேண்டும்.

கவனிக்கவேண்டிய அபாயம்

தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் ஜலம் அற்பமானதன்று. 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலி ஜில்லாவில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவி உயிர்ச்சேதம் விளைவித்தது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த ஜலத்திலேயே முட்டையிடும். இந்நாட்டு உஷ்ணத்தில் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையில் மாதக்கணக்காக உயிர்த்திருந்து, மீண்டும் ஜலம் பட்டவுடன் பொரிக்கும். ஆகையால் தட்டிலுள்ள ஜலத்தைக் கொட்டிவிடுவது மாத்திரம் போதாது. வாரம் ஒரு முறை தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டில் செங்கற்பொடியை விளிம்புவரை நிரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தால், வழியும் ஜலம் பொடியில் சுவறிவிடும். ஈரத்தை மிகுதியாக வேண்டாத கற்றாழைக்கோ கள்ளிக்கோ தட்டே தேவையில்லை என்பது அவற்றைத் தெரிந்தெடுப்பதற்கு மற்றொரு காரணமாகும்.

செடி வாங்க விரும்புவோர் கடைக்குச் செல்லுமுன் ஒரு விடுமுறை நாளில் தங்கள் ஜன்னலைக் கவனிக்கவேண்டும். திண்டின்மேல் வெயில் எத்தனை மணிக்கு விழுகின்றது, எத்தனை மணிக்கு விலகுகின்றது, பிற்பகலில் அங்குக் கைவைக்க முடிகின்றதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நலம். மாதம் மாறச் சூரியனும் மாறுமாதலால், சித்திரையில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் இவ்வாறு பார்த்தல் வேண்டும். அக்குறிப்பு கையில் இருந்தால் எந்தச் செடியை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நாள்தோறும் ஜலம் விட ஆள் உண்டா என்று எண்ணிப் பார்த்தால் மற்றப் பாதியும் விளங்கும்.